மாணவர் விடுதி வீடா, வணிகமா? பள்ளி வளாகத்தில் எது பசுமை? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் கட்டிட வரைபடம் வரைந்து, அனுமதி விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பது என் தொழில். அலுவலகத்துக்கு வருகிறவர்களும், தெருவில் மறித்துப் பேசுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு விஷயங்கள். கல்லூரிப் பக்கத்துத் தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக பி.ஜி. விடுதி (மாதப் பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) ஆகின்றன, தடுக்க முடியுமா, அல்லது எங்கள் வீட்டையும் அப்படி விடலாமா என்பது ஒன்று. பள்ளிக்கூட முற்றத்தில் மரத்தை வெட்டிவிட்டு இன்டர்லாக் கல் பதிக்கிறார்கள். பள்ளிக்கு இத்தனை மரம், இவ்வளவு மண் தரை என்று விதி வேண்டாமா என்பது மற்றொன்று. வார்டு கூட்டத்தில் எடுத்தால் இரண்டும் சண்டையில் போய் நிற்கின்றன. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் கருத்து எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

விடுதியும் பள்ளி மரமும் வேறு வேறு விஷயமாயிற்றே, ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

இரண்டும் வரைபடத்தில் இருக்கும் ஒரு சொல்லில் தொடங்குகின்றன. விடுதிச் சண்டைக்கு வேர் ‘குடியிருப்பு’ என்ற சொல். பள்ளிச் சண்டைக்கு வேர் ‘திறந்த வெளி’ என்ற சொல். ஐந்து பேர் குடும்பம் இருந்தாலும் குடியிருப்புதான். இருபத்துநான்கு கட்டில் போட்டாலும் தாளில் குடியிருப்புதான். மண்ணும் நிழலுமாக இருந்தாலும் திறந்த வெளி. முழுக்கக் கல் பதித்துக் கொதித்தாலும் திறந்த வெளி. சொல் தளர்வாக இருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். இரண்டு இடத்திலும் அதன் விலையைக் கொடுப்பது படிக்கிற பிள்ளைகள்தான்.

ஒரு இடம் குடியிருப்பா, வணிகமா, கல்வியா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் கீழ் ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம் போடுவார்கள். அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, விவசாயம் என்று ஏதாவது ஒரு உபயோகத்தில் வரும். உங்கள் மனை எதில் இருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வீடு கட்ட அனுமதி வாங்கிய இடத்தில் வேறு உபயோகம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டுமான அளவுகள், பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம் எல்லாம் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இருக்கின்றன.

நம் மாவட்டத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வேறு மாவட்டங்களில் ஊர் ஓரிடம், வயல் ஓரிடம். இங்கே தென்னந்தோப்புக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் வாழை, அதை ஒட்டிக் குளம், குளத்துக்கு அக்கரையில் பள்ளிக்கூடம். விளை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விளை என்றால் தோட்ட நிலம். அந்த விளைக்குள்தான் இன்று வீடும் பள்ளியும் விடுதியும் நிற்கின்றன. வண்ணம் அடித்த வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் விவசாயம், அந்தப் பக்கம் குடியிருப்பு என்று பிரிப்பது இங்கே லேசான காரியம் இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக் கிராமங்கள் பலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். மலைப்பக்கம் இடம் வாங்குகிறவர்கள் பத்திரம் பதிவதற்கு முன்னால் இதை விசாரிக்க வேண்டும். வாங்கிய பிறகு வந்து கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பி.ஜி. விடுதி சட்டப்படி வீடா, வணிகமா?

நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். ஒரே கட்டிடத்துக்கு ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது.

பொதுக் கட்டிடங்கள் உரிமச் சட்டம் 1965-ன்படி விடுதி என்பது பள்ளி, கல்லூரி போல ஒரு பொதுக் கட்டிடம். உறுதித்தன்மைச் சான்று வாங்கி, வட்டாட்சியரிடம் உரிமம் எடுக்க வேண்டும். பெண்கள் அல்லது குழந்தைகள் தங்கும் விடுதி என்றால் 2014-ம் ஆண்டின் மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் வரும். அதற்கு உரிமம் தருகிறவர் மாவட்ட ஆட்சியர். இந்த இரண்டு சட்டமும் விடுதியை வீடாகப் பார்க்கவில்லை.

ஜி.எஸ்.டி. பக்கம் போனால் கதை வேறு. மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதி அறைகள் வசிப்பிடம்தான், அதற்கு வரி கிடையாது என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கினால் வரிவிலக்கு என்று வகுத்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு இது நியாயமான முடிவு. மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் கட்டித் தங்குகிற பிள்ளையிடம் ஓட்டல் அறை போல வரி வாங்கக் கூடாது.

ஆனால் ‘வரிக்கு நான் வீடு, அதனால் எல்லாவற்றுக்கும் வீடுதான்’ என்று சொல்லிக்கொண்டு உரிமையாளர்கள் என்னிடம் வருகிறார்கள். அது செல்லாது. வரிச் சட்டம் பார்ப்பது பிள்ளை கொடுக்கும் பணத்தை. கட்டிடச் சட்டம் பார்ப்பது அந்தப் பிள்ளை தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓடும் என்பதை. இரண்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வீடு என்று அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு விடுதி நடத்தினால் என்ன ஆகிவிடும்?

நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். சிறிய குடியிருப்புக் கட்டிடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை. அதாவது கட்டி முடித்தபின் வரைபடப்படி இருக்கிறதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம் என்றால் வீட்டுக்கு இணையம் வழியாக உடனே அனுமதி. சாதாரணக் குடும்பங்களுக்கு இது பெரிய வரம்; அலைச்சல் மிச்சம். ஆனால் 3,500 சதுர அடியில் இரண்டடுக்குக் கட்டில் போட்டால் முப்பது பேரைத் தங்க வைத்துவிடலாம். குடும்பத்துக்காகத் திறந்த கதவு வழியாக விடுதி உள்ளே வருகிறது.

பிடிபட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளின்படி நோட்டீஸ் வரும். உபயோகத்தை நிறுத்தச் சொல்லலாம், சீல் வைக்கலாம். அப்போது நடுத்தெருவில் நிற்கப் போவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

மாடி காலியாகக் கிடக்கிறது. நான்கு மாணவிகளுக்கு வாடகைக்கு விடலாமா? அதற்கும் ஆட்சியர் உரிமமா?

தாராளமாக விடலாம். நான்கு பேர் சேர்ந்து மாடியை வாடகைக்கு எடுத்து, அவர்களே சமைத்து, வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது வாடகைக் குடித்தனம். 2017-ம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொன்னால் காட்டுவதற்கும் அது உதவும்.

கட்டிலுக்கு இவ்வளவு என்று ஆள்கணக்கில் பணம், மூன்று வேளைச் சாப்பாடு, வார்டன், இரவு ஒன்பது மணிக்குக் கேட் பூட்டு என்று வந்துவிட்டால் நீங்கள் விடுதி நடத்துகிறீர்கள். பெயர்ப்பலகை இல்லை என்பதால் அது வீடாகிவிடாது.

பையன்கள் விடுதிக்கு இந்தச் சட்டம் உண்டா?

2014 சட்டத்தின் பெயரிலேயே பதில் இருக்கிறது: பெண்கள், குழந்தைகள். பதினெட்டு வயது தாண்டிய கல்லூரிப் பையன்கள் அதற்குள் வரமாட்டார்கள். பொதுக் கட்டிட உரிமமும் உள்ளாட்சி விதிகளும் மட்டும்தான் அவர்களுக்கு. கோணம், ஆசாரிப்பள்ளம், சுங்கான்கடை, குமாரகோவில் என்று கல்லூரிகளைச் சுற்றிப் பாருங்கள். கேரளத்திலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்த பையன்கள் எப்படிப்பட்ட அறைகளில் அடைந்து கிடக்கிறார்கள் என்று தெரியும். பையன் என்றால் எப்படியும் இருந்துகொள்வான் என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. அது தவறு என்று நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

குடும்பங்கள் வாழும் தெருவில் மாணவர்கள் வேண்டாம் என்று மனு கொடுத்தால் எடுபடுமா?

மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘பையன்கள் நிற்கிறார்கள், வேறு ஊர்ப் பிள்ளைகள், எந்தச் சாதியோ மதமோ தெரியவில்லை’ என்று எழுதி எடுத்து வந்தால் நான் அந்தத் தாளைத் தொடுவதில்லை. யார் வசிக்கிறார் என்பதை வைத்துத் தெருவைப் பூட்டக் கூடாது.

வெளிநாட்டில் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற சிற்றூர்; பக்கத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம். இரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் சேர்ந்து வசிக்கக் கூடாது என்பது அந்த ஊர் விதி. ஆறு மாணவர்கள் ஒரு வீட்டை எடுத்துத் தங்க, வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-ல் ஊர் பக்கம்தான் தீர்ப்பு. அரை நூற்றாண்டு ஆன பிறகும் அங்கே சண்டை ஓயவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாணவர் குடியிருப்புக் கட்டும் திட்டத்தில், மாணவர் போடும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் செப்டம்பரில், குடியிருப்பவர்களின் சத்தம் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகாது என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். மனிதர்கள் இருப்பதையே மாசு என்று சொல்லத் தொடங்கினால் போய்ச் சேரும் இடம் அது.

இங்கிலாந்து முறை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். உறவில்லாத 3 முதல் 6 பேர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு 2010 முதல் தனி வகை வைத்திருக்கிறார்கள். ஆறு பேரைத் தாண்டினால் வேறு கணக்கு. அங்கும் உறவைக் கேட்கிறார்கள் என்பது குறைதான். ஆனால் விதி எண்ணில் நிற்கிறது. எண்ணை அளக்க முடியும். ‘குடும்பச் சூழல்’ என்பதை அளக்க முடியாது.

அப்படியானால் அக்கம்பக்கத்தார் எதைக் கேட்கலாம்?

தண்ணீர், கழிவுநீர், வண்டி, தீ. இந்த நான்கையும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. ஐந்து பேர் குடும்பத்துக்கு என்று நான்தான் வரைந்து கொடுத்தேன். செப்டிக் டேங்கும் அதே அளவில். வீட்டுக்காரர் வெளிநாடு போனபின் கை மாறி விடுதியாயிற்று, இருபத்துநான்கு பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகரங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு. ஐந்து பேருக்கு 675 லிட்டர். இருபத்துநான்கு பேருக்கு 3,240 லிட்டர். ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதே தொட்டிக்குள். முதல் ஆனி மழையிலேயே பின்னால் இருந்த அக்கா வீட்டுக் கிணற்றில் நுரை மிதந்தது. அவர் வாளியில் இறைத்துத் திண்ணையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. அந்த வாளியைப் பார்த்த நாளிலிருந்து, வீட்டு வரைபடம் கேட்டு வருகிறவர்களிடம் ‘பிறகு விடுதியாக்கும் எண்ணம் உண்டா’ என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உண்டு என்றால் தொட்டியை அதற்கேற்ற அளவில் போடுகிறேன்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் செப்டிக் டேங்கும் கிணறும்தான். கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடைவெளி விட முடியாத ஏழு சென்ட், ஐந்து சென்ட் மனைகள். ஆகவே மனுவில் ‘மாணவர்கள் வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். ‘இத்தனை பேர் இருக்கிறார்கள், தொட்டி இவ்வளவு, கிணறு இத்தனை அடியில்’ என்று எழுதுங்கள். அந்த மனுவை எந்த அதிகாரியும் ஒதுக்கிவைக்க முடியாது.

தீ விபத்து பற்றிச் சொன்னீர்களே, வீட்டில் அப்படி என்ன ஆபத்து?

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் அதிகாலை நேரம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீப்பிடித்துப் பெண்கள் இறந்தார்கள். வீட்டில் ஒரே படிக்கட்டு, திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி, கீழே இரவுப் பூட்டு. ஐந்து பேர் குடும்பத்துக்கு இது பாதுகாப்பு. இருபத்துநான்கு பேர் தூங்கும் இடத்தில் இதுவே பொறி. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிக் கட்டிடத்தில் கூரை, படிக்கட்டு, வாசல் என்று ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கினோம். பகலில் பிள்ளை இருக்கும் கட்டிடத்துக்கு அவ்வளவு கேட்கிறோம். இரவில் அதே வயதுப் பிள்ளை தூங்கும் கட்டிடத்துக்கு ஏன் கேட்பதில்லை?

பள்ளிக்கு எத்தனை சென்ட் நிலம் வேண்டும்?

தனியார் பள்ளிக்கு அரசு வைத்த அளவுகோல் ஊரின் தரத்தைப் பொறுத்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்ட், மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10 கிரவுண்ட், பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். நமக்கு கிரவுண்ட் கணக்கு பழக்கமில்லை. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஆறு கிரவுண்ட் என்றால் ஏறக்குறைய 33 சென்ட்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. பிறகு ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகள் அதோடு சேர்ந்தன. மண் மாறவில்லை, தென்னை மாறவில்லை, குளம் மாறவில்லை. பலகை மட்டும் மாறியது. அளவுகோலின்படி ஒரு பள்ளிக்கு நேற்று 100 சென்ட், இன்று 33 சென்ட். நெருக்கமான நகரத்தில் இடம் கிடைக்காது என்பதற்காக வைத்த சலுகை, இடம் கிடைக்கிற ஊருக்கும் போய்ச் சேர்கிறது. ஊரின் பெயரை வைத்து அளப்பதைவிட, சேர்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பதே சரி என்பது என் கருத்து.

பள்ளி வளாகத்தில் மரம் நடுவது கட்டாயமா?

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ன் அட்டவணையில் விளையாட்டுத் திடல் இருக்கிறது, சுற்றுச்சுவர் அல்லது வேலி இருக்கிறது, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை என்று இருக்கிறது, கழிப்பறை, குடிநீர், நூலகம் இருக்கின்றன. மரமோ நிழலோ அதில் இல்லை. அங்கீகாரத்துக்குக் கேட்கும் நான்கு சான்றுகள் கட்டிட உறுதி, கட்டிட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு. நான்கிலும் முற்றத்தின் மண்ணைப் பற்றிப் பேச்சில்லை. மழைநீர் சேகரிப்பு மட்டும் 2003 முதல் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம். பெரிய மனை என்றால் திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு, அதுவும் நிழல் தரும் இடமாக இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

இன்டர்லாக் கல் போட்டால் என்ன? சேறு இல்லை, பார்க்கவும் சுத்தமாக இருக்கிறதே.

போன பங்குனியில் ஒரு பள்ளிக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பிற்பகல் இரண்டரை மணி. முற்றம் முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகக் கல். நடுவில் ஒரு வேம்பு மட்டும் மிச்சம். அடிமரத்தை ஒட்டி விரல் நுழைய இடமில்லாமல் கல்லை அடுக்கியிருந்தார்கள். வேர் கீழிருந்து தூக்க, ஒரு பக்கம் கல் எழும்பி நின்றது. காவல்காரத் தாத்தா சொன்னார்: ‘செருப்பைக் கழத்திட்டு நில்லு மக்கா, பாப்போம்.’ நின்றேன். பத்து எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு வரிசையாக வந்தார்கள். அந்த ஒரு வேம்பின் நிழலுக்குள் நாற்பது பிள்ளைகளும் ஒடுங்கிக்கொண்டார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது.

கல் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசலிலிருந்து வகுப்பறைக்குப் போகும் பாதையில் போடுங்கள். சக்கர நாற்காலி போக வேண்டும், மழையில் வழுக்கக் கூடாது. நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில் முற்றத்தை முழுக்க அடைத்தால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்கும் ரோட்டுக்கும் போகிறது, பள்ளிக் கிணறு மாசியில் வற்றுகிறது. பிறகு டேங்கர் லாரிக்குப் பணம் கட்டுகிறார்கள்.

புல்தரை, பூச்சட்டி, அலங்காரப் பனை வைத்தால் பசுமை வளாகம் ஆகாதா?

படத்துக்கு ஆகும். பிள்ளைக்கு ஆகாது. புல்தரைக்குத் தண்ணீர் வேண்டும், அதில் பிள்ளைகள் மிதிக்கக் கூடாது என்று கயிறும் கட்டிவிடுவார்கள். வேம்பு, புங்கு, பூவரசு, நாவல், புன்னை, பலா, அயினி இவையெல்லாம் நம் மண்ணில் யாரும் கொஞ்சாமல் வளர்பவை. கடலோரப் பள்ளி என்றால் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கும். மலைப்பக்கம் அயினி. பலாவையும் தென்னையையும் பிள்ளைகள் ஓடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், காய் விழும்.

ஒக்கிப் புயலில் பள்ளி மரங்கள் விழுந்ததே. மறுபடியும் மரம் வை என்கிறீர்களே?

பயம் நியாயமானது. 2017 நவம்பர் 30 காலை நம் மாவட்டத்தில் விழுந்த மரங்களை நானும் பார்த்தேன். எங்கள் வீட்டு முன்னால் நின்ற அயினியும் போயிற்று. விழுந்தவற்றில் எவையெவை என்று பிறகு போய்ப் பார்த்தபோது கண்டது இது: சுற்றிலும் காங்கிரீட் பூசி வேர் பரவ வழியில்லாமல் நின்றவை, சுவர் கட்டும்போது ஒரு பக்கம் வேரை வெட்டப்பட்டவை, பல வருடமாகக் கிளை கழிக்காமல் தலை கனத்தவை. மரத்துக்கு அடியில் மண் விட்டால் அது பிடித்து நிற்கும். வருடம் ஒருமுறை, இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் கிளை கழிக்க வேண்டும். வகுப்பறையிலிருந்து தள்ளி நட வேண்டும். இதற்கு அறிவும் கொஞ்சம் பணமும் போதும்.

அரசு இடத்தில் நிற்கும் மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது 2021-ல் வந்த அறிவிப்பு. தலைமையாசிரியர் விடுமுறை நாளில் ஆள் வைத்து வெட்டிவிடும் விஷயமில்லை.

பள்ளி மரத்தின் கிளை எங்கள் ஓட்டின் மேல் நிற்கிறது. இலை விழுந்து ஓடை அடைக்கிறது.

உங்கள் எல்லைக்குள் வந்த கிளையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில். மரத்தையே வெட்டு என்று கேட்க வேண்டாம்.

புது விதி எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்?

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: அளக்கக்கூடியதை எழுதுங்கள்.

மாணவர் தங்குமிடத்துக்கு: ஆறு பேர் வரை சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் அது வீடு, யாரும் எதுவும் கேட்க வேண்டாம். ஏழிலிருந்து பதினாறு வரை சிறு விடுதி. குடியிருப்புத் தெருவிலேயே இருக்கட்டும், ஆனால் இரண்டாவது வெளியேறும் வழி, ஆள்கணக்குக்கு ஏற்ற கழிவுநீர்த் தொட்டி, திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றாவது ஒவ்வொரு அறையிலும். அதற்கு மேல் போனால் அகலமான ரோட்டில், முழு உரிமத்தோடு. பெண்ணா ஆணா, எந்த ஊர், எந்தச் சாதி என்ற சொல் விதியில் எங்கும் வரக் கூடாது. இந்த எண்கள் என் அனுபவத்தில் வந்தவை. கூட்டிக் குறைத்துப் பேசலாம்.

பள்ளிக்கு: முற்றத்தில் குறைந்தது பாதி, தண்ணீர் குடிக்கும் மண்ணாக இருக்கட்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஒரு வகுப்பு முழுதும் நிற்க நிழல் வேண்டும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நான்கடிக்கு நான்கடி வெற்று மண். ‘பசுமை’, ‘அழகு’ என்ற சொற்களை விதியில் போட்டால் பூச்சட்டிதான் வரும்.

சிறு பள்ளிகள் இதனால் மூடப்படுமே என்று ஒருவர் கேட்டார். அது உண்மையான கவலை. ஏற்கனவே நிற்கும் பள்ளிக்குக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். 2011 ஜனவரி 1-க்கு முன் கட்டிய கல்வி நிறுவனக் கட்டிடங்களை வரன்முறைப்படுத்த 2018-ல் அரசு வழி செய்ததே, அது போல.

இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது?

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபையிலும். முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். அந்த நாட்களைத் தவறவிட்டால் பிறகு ஒரு சர்வே எண்ணை மாற்றுவதற்கே வருடக்கணக்கில் நடக்க வேண்டும். பக்கத்துக் கட்டிடத்தின் அனுமதி எதற்கு வாங்கியது என்று தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

விதி வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

நான் மேலே சொன்ன விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். அக்காவும் நானும் இன்னும் நான்கு வீட்டுக்காரர்களும் நடத்துகிறவரிடம் போனோம். முதல் நாள் கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இருபத்துநான்கு கட்டிலைப் பதினாறாக்கினார். பழைய தொட்டியை மூடிவிட்டு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் பெரிதாகப் புதிய தொட்டி கட்டினார். வரைபடம் நான் காசு வாங்காமல் போட்டேன். பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு வந்தது. முன்முற்றத்தில் பதித்திருந்த கல்லில் பாதியைப் பெயர்த்துவிட்டு, அங்கே தங்கும் நர்சிங் மாணவிகள் இரண்டு புங்கங்கன்று வைத்தார்கள். அக்கா இப்போது மாலையில் அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளுக்குப் பூத்தொடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மட்டும் இன்னும் எடுப்பதில்லை. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார், முடிவு வந்ததும் பார்ப்போம் என்றார்.